வாய்க்கால் கரையில் ஒரு நிலைப்படி

இன்றைக்கு யாருடைய கையும் என் அக்குளுக்குள் நுழையாது. யாரும் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்ல மாட்டார்கள். யாரும் என் புடவைக் கொசுவத்தை இழுத்துச் சரிசெய்து, 'ஆச்சு, உக்காந்தாச்சு' என்று சிரிக்க மாட்டார்கள். நானே போவேன். நானே நிற்பேன். தோன்றினால் நானே திரும்புவேன்.

வண்டி ஓட்டிக்கொண்டே வேதவதி இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பின்பக்கம் கூடுதலாக இரண்டு சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். ஸ்ரீரங்கத்து வீதிகள் முடிந்து, மேலூரும் தாண்டி, இருபுறமும் வாழைத்தோப்பு வந்துவிட்டது. அவளுடைய சக்கர நாற்காலியைக் காரில் போட்டுக்கொண்டு அண்ணன் யதிராஜன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். குழந்தையில் வந்த போலியோ இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு படித்தாள், ரயில்வே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், தனக்கென்று ஒரு வண்டி வாங்கினாள். ஆனால் வயல்வெளியில், பக்கத்தில் யாரும் இல்லாமல், தன் போக்கில் கொஞ்ச தூரம் போய்வருவது என்பது நாற்பத்தாறு வயதுவரை அவளுக்கு வாய்க்கவில்லை.

அந்த ஆசையை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் சபீனா. பாலக்கரையில் பள்ளி ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லை. ஊருக்கு வெளியே காற்றாட நடக்க வேண்டும், ஆனால் கையைப் பிடித்து இழுத்துப்போக ஒருத்தரும் வேண்டாம் என்றாள். யதிராஜன் காலை நடைச் சங்கத்தின் செயலாளர். தங்கையும் அவள் தோழியும் கொடுத்த தொந்தரவு தாங்காமல்தான் அவன் இதைச் சங்கத்தில் பேசினான். துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் காசிநாதன் செலவை ஏற்றுக்கொண்டார். அவர் மனைவி கமலவல்லி, மூட்டு ஆபரேஷன் ஆனபின், நடக்கச் சமமான ஓர் இடம் இல்லாமல் வீட்டு மொட்டை மாடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

வாய்க்கால் கரையில் கிராவல் மண் கொட்டி இறுக்கி, மேடு பள்ளம் தெரியாமல் பாதை போட்டார்கள். இடப்பக்கம் இடுப்பு உயரத்தில் கயிறு. திருப்பம் வருமுன் கயிற்றில் ஒரு முடிச்சு, சபீனாவின் விரலுக்காக. பெஞ்சுகளின் பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க இடம். விடுமுறை நாட்களில் வேதவதி வந்து, சக்கரம் எங்கே அமுங்குகிறது, எங்கே சறுக்குகிறது என்று சொல்லச் சொல்லத் திருத்தினார்கள். துண்டு துண்டாகத்தான் அவள் போயிருக்கிறாள். முழுதாக, தனியாக ஒருமுறை போவதைத் திறப்புவிழா நாளுக்கென்று மிச்சம் வைத்திருந்தாள். கடைசி இரண்டு வாரம் காய்ச்சல். எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த இரண்டு வாரத்தில்தான் காசிநாதன் வாசலில் வளைவு கட்டியிருந்தார்.

கருங்கல் தூண்கள், மேலே எழுத்து வெட்டிய கல், மாவிலைத் தோரணம். கீழே, ஒரு தூணிலிருந்து மறு தூண் வரைக்கும், நாலு விரல் உயரத்துக்கு ஒரு நிலைப்படி. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, இரு ஓரத்திலும் பூ வைத்திருந்தது. வளைவுக்கு உள்ளே சிவப்பு ரிப்பன்.

வேதவதி நாற்காலியில் மாறி உட்கார்ந்து, படிக்கு முன்னால் வந்து நின்றாள். முன்சக்கரம் கல்லில் மெல்ல இடித்தது. கையால் அழுத்திப் பார்த்தாள். ஏறவில்லை.

"வாசல்னு ஒண்ணு வெச்சா படி இல்லாம விடக் கூடாது மேடம்," என்று காசிநாதன் பெருமையோடு விளக்கினார். "மேஸ்திரியே மாட்டேன்னுட்டாரு. தொழுவத்துக்குக்கூடப் படி வைக்கிற ஊருங்க இது. நாமக்கல்லேருந்து கல்லு வந்துச்சு."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. சக்கர நாற்காலிக்காகப் போட்ட பாதையின் வாசலில் படி வைத்துவிட்டு, கடைசிவரை அது ஒரு விஷயமாகவே அவருக்குப் பட்டிருக்கவில்லை. கமலவல்லி கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்து, காலை உயரத் தூக்கிப் படியை மிதிக்காமல் தாண்டினாள். தாண்டியபின் சிரமப்பட்டுக் குனிந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சபீனாவின் கைத்தடி கல்லில் 'டக்'கென்று மோதியது. அவள் நின்று, தடியால் இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தாள்.

"யார் வீடுங்க இது? வெளியில நடக்கலாம்னு வந்தா நடுக்கூடத்துக்கு வந்துட்டேன் போல இருக்கே."

பந்தலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். காசிநாதனும் சிரித்தார். வேதவதி சிரிக்கவில்லை.

யதிராஜன் ஒரு பலகை போட்டுச் சக்கரத்தை ஏற்றிவிடலாம் என்றான். கமலவல்லி பதறிப்போனாள். பூஜை போட்ட படி, காலே படக்கூடாது, சக்கரம் ஏறலாமா என்று கேட்டாள். சுற்றிப் போகவும் வழியில்லை. பைக் நுழையாமலிருக்க இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் வாய்க்கால், இந்தப் பக்கம் நடவு வயல். பிறகு ஓரமாக ஒரு வழி எடுத்துக்கொடுத்துவிடுவதாகக் காசிநாதன் வாக்குக் கொடுத்தார். ஓர வழி. வேதவதிக்கு ஓர வழிகள் எல்லாம் தெரியும். கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டு வழி, துணிக்கடையில் சரக்கு இறக்கும் வழி, ஆஸ்பத்திரியில் குப்பை வண்டி போகும் வழி.

இப்போதைக்கு அவர் யோசனை எளிமையானது. பட்டறையிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். "பூ மாதிரி தூக்கி அந்தப் பக்கம் வெச்சிருவாங்க மேடம்."

யதிராஜன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, அவள் காதருகே குனிந்தான். கொள்ளிடக் கரைவரை பாதையை நீட்டித் தருவதாகக் காசிநாதன் நேற்றுத்தான் சொல்லியிருக்கிறார், இன்றைக்கு அவர் மனம் கோணினால் அது அவ்வளவுதான் என்றான்.

"ஒரு நிமிஷக் காரியம் வேதா. புறப்பாட்டுல நம்பெருமாளே தோள்லதானே எழுந்தருளறார். அவருக்கில்லாத கௌரவமா ஒனக்கு?"

"அவரை அவருக்காகத் தூக்கறா அண்ணா. என்னைத் தூக்கறதெல்லாம் தூக்கறவாளுக்காக."

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?"

இது பிடிவாதமா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். அகங்காரமா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தூக்கும்போது உடம்புக்கு ஒரு சுகம் வரும். கைகள் தளர்ந்து கொடுக்கும். எதுவும் நம் பொறுப்பில்லை என்று ஓர் இதம் பரவும். கூடவே முகத்தில் தானாக ஒரு சிரிப்பு ஏறிக்கொள்ளும். யதிராஜனின் கல்யாணப் படத்தில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. மாமாக்கள் நாற்காலியோடு அவளை மணமேடைக்குத் தூக்குகிறார்கள், அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். சிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தூக்குகிறவர்கள் சங்கடப்படக் கூடாதே என்று அவள் முகம் தானே கற்றுக்கொண்ட வேலை அது. கால்கள் போனதைவிட அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இன்றைக்கும் சிரித்துவிடுவேன். அந்தச் சிரிப்பு நாளைக்குப் பேப்பரில் வரும். அதன்பின் இந்தக் கல்லை அசைக்க எவராலும் முடியாது. தூக்கினால் சரியாகிவிடும் என்று அந்தப் படமே சாட்சி சொல்லும். தூக்க ஆள் இல்லாமல் தனியாக வரும் ஒருத்தி, இந்த மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவாள். கொள்ளிடம்வரை நீட்டினால் மட்டும் என்ன, அங்கேயும் ஒரு வாசல் வைப்பார்கள்.

மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். இந்தப் பாதை இவரால்தான் வந்தது, இவரே திறந்து வைப்பார் என்றார்கள். கைதட்டல் எழுந்தது. நால்வரும் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

வேதவதி இரண்டு சக்கரத்தின் பிரேக்கையும் போட்டாள்.

"கை எடுங்க," என்றாள். அவர் சட்டென்று எடுத்துவிட்டார்.

காசிநாதன் வந்து அவள் எதிரே குனிந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது. "உங்களுக்காகத்தான மேடம் இவ்வளவும் பண்ணேன். ஒரே ஒரு தடவை. எனக்காக."

"நீங்க செஞ்சது பெரிய காரியம் சார். அதை எங்க வேணா சொல்வேன். படியை எடுங்க, நானே வரேன்."

"பூஜை போட்டாச்சுங்களே."

"அப்போ நான் இங்கேயே இருக்கேன்."

அவர் நிமிர்ந்து யதிராஜனைப் பார்த்தார். யதிராஜன் வாய்க்காலைப் பார்த்தான். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. சபீனா எந்தப் பக்கம் பேச்சு வருகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்டபடி, தடியை ஊன்றிக்கொண்டு வேதவதியின் பக்கத்தில் வந்து நின்றாள். அவளால் அந்தப் படியைச் சுலபமாகத் தாண்டியிருக்க முடியும்.

வளைவுக்குள்ளிருந்து கமலவல்லிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரிப்பனை அவிழ்த்து, இழுத்து, படிக்கு வெளியே வேதவதியின் மடிவரை கொண்டுவந்தாள். கத்தரிக்கோல் வைத்த தாம்பாளத்தையும் நீட்டினாள்.

"அங்கேருந்தே வெட்டிடுங்கம்மா. யாரும் தூக்க வேணாம். நல்ல நேரம் போவுது."

போட்டோ எடுப்பவர் ஓடி வந்து இடம் பிடித்தார். வேதவதி தாம்பாளம் ஏந்திய கையைப் பார்த்தாள். அதன் பின்னால் வெயில் விழுந்து கிடந்த செம்மண் பாதையைப் பார்த்தாள். முகம் சிரிக்கத் தயாராவது அவளுக்கே தெரிந்தது. அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு தாம்பாளத்தை ஒரு விரலால் மெல்ல அந்தப் பக்கமே நகர்த்தினாள்.

"நான் இன்னும் உள்ளே போகலையேம்மா," என்றாள்.