கோதுமை நிறத்தில் ஒரு குடும்பம்

ராலித்ஸா என் எதிர்வீட்டுக்காரி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எதையும் அளந்துதான் செய்வாள். சூப்புக்கு உப்பைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போடுவாள் என்று எங்கள் மாடியில் ஒரு பேச்சு உண்டு. அந்த வருஷம் ஜூன் பிறந்ததும் அவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. லாவெண்டர் பூத்திருக்கும்போதே வயலில் நின்று குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் தோப்ரிச்சில் இது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. சோபாவுக்கு மேலே அந்த மாதிரிப் படம் மாட்டாத வீட்டை இப்போதெல்லாம் தேடித்தான் பிடிக்க வேண்டும். ராலித்ஸாவுக்கு இருந்த ஒரே இடைஞ்சல், அவளுடைய குடும்பம்.

கணவன் தீஹோமிர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவன், பசு மாதிரி. மகள் யோவானாவுக்கு ஆறு வயது. இவர்களால் தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் சம்பந்திகள் இருவரால்தான். ராலித்ஸாவின் அப்பா ஸ்தாமென், தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆள் அலமாரி மாதிரி இருப்பார். தீஹோமிரின் அம்மா பென்கா, பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவர், சிட்டுக்குருவி மாதிரி இருப்பார். இவருக்குத் துணைவி இல்லை, அவருக்குத் துணைவர் இல்லை. ஞாயிறு மதியம் இருவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் கல்யாணத்தன்று முதல் பேச்சு வார்த்தை கிடையாது. கல்யாண விருந்துக்குப் பென்கா தன் கையால் அடுக்கடுக்காக மாவிழுத்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவை ஸ்தாமென் கடித்துப் பார்த்து, "அடிப்பக்கம் வேகலையே" என்று சொல்லிவிட்டார். இசைக்குழு அந்த நேரம் பார்த்து வாசிப்பை நிறுத்தியிருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

போட்டோ பிடிக்கும் எவெலின் சின்னப் பெண், வாய் நிறையச் சர்க்கரை. உடை விஷயத்தில் அவள் தொலைபேசியில் சொன்ன புத்திமதியை ராலித்ஸா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"எல்லாரும் ஒரே நிறம் போடக் கூடாதாம், யூனிஃபார்ம் மாதிரி ஆயிடுமாம். ஆனா ஒருத்தர் நிறம் இன்னொருத்தர் நிறத்தோட பேசணுமாம்."

"நிறமாவது பேசிக்கட்டும்" என்றார் ஸ்தாமென், சூப்பைப் பார்த்துக்கொண்டே.

"ஊதா மட்டும் ஆகவே ஆகாது. பூவோட பூவா கரைஞ்சு போயிடுவோம். நாம கோதுமை நிறம் வச்சுக்கலாம். கோதுமை, பால், கொஞ்சம் வான நீலம்."

"எந்தக் கோதுமை? நிக்கிற கதிரா, அறுத்த தாளா, மாவா?"

"அப்பா, கோதுமைன்னா கோதுமை."

பென்கா ரொட்டியைப் பிய்த்தபடி மகன் பக்கம் திரும்பினார். "தீஹோ, உன் மாமனார்கிட்ட சொல்லு. கோதுமை நிறம் எல்லாருக்கும் ஒத்து வராது. அந்த உடம்புக்கு அதைப் போட்டா, அடுப்புல வைக்காத மாவு உருண்டை மாதிரி இருக்கும்."

தீஹோமிர் மாமனார் பக்கம் திரும்பினான். அவர் ஒரு முழம் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அம்மா என்ன சொல்றாங்கன்னா…"

"காது கேக்குதுடா. உங்கம்மாகிட்ட சொல்லு, வேகாத மாவைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது இல்ல."

பென்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். தட்டுகளில் இன்னும் சாப்பாடு இருந்தது.

அடுத்த வாரம் ராலித்ஸா என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், கூடத்துக் கம்பளத்தில் அவள் குடும்பமே படுத்துக் கிடந்தது. அதாவது, உடுப்பு மட்டும். தீஹோமிரின் சட்டை, அதற்குக் கீழே கால்சட்டை, அதற்கும் கீழே பாலிஷ் போட்ட செருப்பு. கைகளை நேராக நீட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பால் நிற கவுன். நடுவில் யோவானாவின் நீலப் பாவாடை. ஓரமாகத் தன் அப்பாவுக்கு என்று புதிதாக வாங்கிய கோதுமை நிறச் சட்டை, நல்ல அகலமாக. நாற்காலி மேல் ஏறி நின்று, மேலிருந்து கைப்பேசியில் படம் எடுத்து எவெலினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்திருந்தது. மூன்றாம் மாடிக்காரி குப்பையைக் கொட்டப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். உடனே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "எல்லாருமா? ஒரே நேரத்துலயா?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை என்று ராலித்ஸா விளக்கம் சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சற்று நேரத்தில் பென்கா ஒரு பெரிய பிளாஸ்டிக் பையோடு வந்தார். அவர் அதைப் பிரித்ததும் பூச்சி உருண்டை நெடி மூக்கில் ஏறியது. உள்ளே அழகான கவுன். கழுத்தில் கையால் போட்ட பூ வேலை. நிறம் சரியாக அறுவடைக்கு முந்தின வாரத்துக் கோதுமை. கூடவே அதே நிறத்தில் காலுறை, தேயாத செருப்பு.

"அத்தை! இதைத்தான் தேடிட்டு இருந்தேன். எங்க கிடைச்சது?" ராலித்ஸா துள்ளாத குறை.

"எங்கயும் இல்லம்மா. வீட்லயேதான் இருந்துச்சு. என் சாவு உடுப்பு."

ராலித்ஸா அப்படியே தன் கணவனின் கால்சட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அப்படிப் பாக்கிற? புதைக்கிறப்ப போட்டுவிடறதுக்குன்னு எல்லாரும் எடுத்து வைக்கிறதுதானே. அதுவும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடறது நல்லது. அளவு சரியில்லைன்னா அன்னைக்கு நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

உள்ளேயிருந்து தீஹோமிர், "அம்மா, வேண்டாம்மா" என்றான்.

"நீ சும்மா இருடா. நல்ல துணி. ஒரே ஒரு தடவைக்குன்னு தைச்சது, இப்ப ரெண்டு தடவை ஆகுது. லாபந்தான். அப்புறம் அந்தப் போட்டோப் பொண்ணுகிட்ட சொல்லி என்னை மட்டும் தனியா ஒண்ணு எடுக்கச் சொல்லணும். நான் போனா கதவுல ஒட்டற சாவு நோட்டீசுக்கு. நம்ம தோதோர்கா போனப்ப அடையாள அட்டைப் படத்தைப் போட்டு ஒட்டினாங்க. பார்த்தா, செத்தவ மாதிரி இல்ல, தேடப்படற திருடி மாதிரி இருந்தா."

ராலித்ஸா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் கவுனைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மற்ற உடுப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு போராட்டம் நடந்தது. கடைசியில் நிறம் ஜெயித்தது. "ரொம்பப் பொருத்தமா இருக்கு அத்தை" என்றாள், மெதுவாக.

படம் எடுக்கும் நாள் வந்தது. ஒரே காரில் சம்பந்திகளை ஏற்ற முடியாது என்பதால் ஸ்தாமெனை அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாசலில் வண்டியோடு காத்திருந்தேன். ராலித்ஸா குடும்பத்தோடு படியிறங்கி வந்தாள். அதே நேரம் தெருமுனையிலிருந்து ஸ்தாமென் வந்தார். கோதுமை நிறச் சட்டை இல்லை. ஊதா கோட்டு, ஊதா கால்சட்டை. மகள் கல்யாணத்துக்கு வார்னா போய் வாங்கினது. தலையிலிருந்து கால்வரை லாவெண்டர்.

"அப்பா! ஊதா வேண்டாம்னு சொன்னேனே!"

"இது ஊதா இல்ல. கத்தரிக்காய்."

"நான் வாங்கிக் கொடுத்தது எங்க?"

"என்னை மாவு உருண்டைன்னு சொன்னவங்க பக்கத்துல நான் மாவு உருண்டையா நிக்கணுமா? மாட்டேன்."

பென்கா வானத்தைப் பார்த்துக்கொண்டு, "தீஹோ, வெயில் ஏறுது, கிளம்பலாம்" என்றார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

வயல் ஊருக்கு வெளியே, வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும். எவெலின் ஓடி வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்தாள். "அற்புதம்! நிறமெல்லாம் எவ்வளவு அழகாப் பேசுது!" என்றாள். அப்போது ஸ்தாமென் என் வண்டியிலிருந்து இறங்கினார். அவள் வாய் கொஞ்ச நேரம் மூடவில்லை.

செடிக்கு நடுவே எல்லாரையும் நிறுத்தினாள். கேமராவில் பார்த்தாள். கண்ணை எடுத்தாள். மறுபடி பார்த்தாள். "ஐயா, நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கோதுமையும் பாலும் நீலமுமாக நான்கு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், பூக்களுக்கு மேலே, ஸ்தாமெனின் தலை மட்டும் தர்பூசணி மாதிரி மிதந்தது.

"கொஞ்சம் முன்னாடி வாங்க ஐயா."

தலை முன்னால் வந்தது.

"குழந்தையைத் தூக்கிக்கோங்களேன்."

யோவானா அந்தரத்தில் எழும்பித் தொங்கினாள். அவளுக்கு ஒரே குஷி. ராலித்ஸா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "கோட்டைக் கழட்டுங்கப்பா" என்றாள். உள்ளே போட்டிருந்த சட்டையும் ஊதாதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எவெலினும் ராலித்ஸாவும் இவரை யாருக்குப் பின்னால் மறைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பென்கா அலறினார். லாவெண்டர் பூத்தால் தேனீ வரும். தோப்ரிச்சில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். நிறத்தைப் பற்றியே யோசித்து யோசித்து எங்களில் ஒருவருக்கும் அது நினைவில்லாமல் போயிருந்தது. ஒரு தேனீ கவுனின் கழுத்துப் பூ வேலையை நிஜப் பூ என்று நம்பி உள்ளே இறங்கிவிட்டது.

"முதுகுல போகுது! முதுகுல!" பென்கா கையை வீசினார். வீசின கையைப் பார்த்து மேலும் பத்துப் பதினைந்து தேனீக்கள் என்ன விஷயம் என்று விசாரிக்க வந்தன. தீஹோமிர் தொப்பியால் விசிறினான். அது அவற்றின் கோபத்தை இன்னும் கிளப்பியது. ராலித்ஸா ஒரு செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினாள், அதை வைத்து என்ன செய்வதாக இருந்தாளோ.

பென்கா திரும்பி நேராக ஸ்தாமெனைப் பார்த்துக் கத்தினார். "அட, மரம் மாதிரி நிக்கிறியே! ஏதாவது பண்ணுய்யா!"

கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் பென்கா நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். தீயணைப்பு வீரருக்கு அதற்கு மேல் உத்தரவு தேவைப்படவில்லை. குனிந்தார். சம்பந்தியம்மாவை ஒரு மூட்டை மாதிரித் தூக்கித் தோளில் போட்டார். ஓட ஆரம்பித்தார். எரிகிற கட்டிடங்களிலிருந்து அப்படித்தான் எத்தனையோ பேரைத் தூக்கி வந்திருப்பார். வயலைக் கிழித்துக்கொண்டு ஓடினார். பின்னால் ஒற்றைச் செருப்போடு ராலித்ஸா, தொப்பியோடு தீஹோமிர், சிரித்துச் சிரித்துத் தடுக்கி விழும் யோவானா.

"அற்புதம்! ரொம்ப இயல்பா இருக்கு! அப்படியே ஓடுங்க!" என்று எவெலின் கேமராவை இறக்காமல் கூடவே ஓடினாள்.

சாலையோர வாதுமை மரத்தடியில் ஸ்தாமென் அவரை இறக்கிவிட்டார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தேனீ போன இடம் தெரியவில்லை. போகிற போக்கில் ஸ்தாமெனின் இமையில் கொட்டிவிட்டுப் போயிருந்தது. கண் கண்ணெதிரே வீங்கிக்கொண்டு வந்தது. பென்கா தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் கைக்குட்டையை நனைத்து அவர் கண்ணில் வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்கணும். எல்லார் முன்னாடியும் வேகலைன்னு சொன்னியே."

"வேகலைதான் சம்பந்தி." மற்றக் கண்ணால் அவரைப் பார்த்தார். "ஆனா தட்டுல மிச்சம் வச்சேனா? மத்தவங்க பங்கையும் சேர்த்துத் தின்னேன். அதை யாருமே பாக்கல."

பென்கா கைக்குட்டையை இன்னும் அழுத்தமாக வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து தீஹோமிர் கிட்டே போனான். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒழுங்காக நிறுத்தி எடுத்த படங்களும் உண்டு. எல்லாரும் வரிசையாக, தலை வாரி, பல் மருத்துவரிடம் முறைக்காகக் காத்திருப்பவர்கள் மாதிரி. நிறங்கள் மட்டும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தன. எவெலின் அனுப்பியதும் ராலித்ஸா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், ஒரு படத்தில் நின்றுவிட்டாள்.

அதில் பென்கா பறந்துகொண்டிருந்தார். தூக்கிக்கொண்டு ஓடியவரின் ஊதா உடம்பு பூக்களோடு கரைந்து போயிருந்தது. கோதுமை நிற கவுன் காற்றில் விரிய, கைகளை இரு பக்கமும் நீட்டி, வாயைப் பிளந்து, லாவெண்டர் வயலுக்கு மேலே அவர் தானாகவே மிதந்துபோனார். இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தலை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு துணைக்குப் போனது. கீழே ஒரு குடும்பமே அவரைப் பிடித்து நிறுத்த ஓடி வந்தது.

ராலித்ஸா அதை வெகுநேரம் பார்த்தாள். திட்டமிட்டது எதுவுமே அதில் இல்லை. "அக்கா, நாங்க இப்படித்தான் இருப்போமா?" என்று கேட்டாள்.

"எதிர்வீட்ல இருக்கிற எனக்குத் தெரியாதா? இப்படித்தான் இருப்பீங்க" என்றேன்.

சோபாவுக்கு மேலே அதைத்தான் மாட்டினார்கள். பென்காவுக்குப் பிடித்துப்போய், கதவில் ஒட்டுவதற்கும் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். "பாருங்க, மேல போற மாதிரியே இருக்கு" என்றார். தீஹோமிர் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டான். அவன் அம்மாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எவெலின் அனுமதி கேட்டு அந்தப் படத்தைத் தன் கடையின் கண்ணாடிக்குள் வைத்தாள். அங்கிருந்துதான் வினை ஆரம்பித்தது. அடுத்த ஜூனில் வந்தவர்களெல்லாம் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். ஊதா உடுப்பில் ஒருவர் தூக்க வேண்டும், கோதுமை நிறத்தில் ஒருவர் பறக்க வேண்டும், மற்றவர்கள் துரத்த வேண்டும். ஆனால் தூக்கத் தெரியாதவர்கள் தூக்கி, இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் எவெலின் ஸ்தாமெனைக் கூப்பிட்டாள், தோளில் எப்படிப் போடுவது என்று சொல்லித் தர. அவர் தனியாக வர மாட்டேன் என்றுவிட்டார். அலறுவதற்கு ஒருவர் பயிற்சி தர வேண்டாமா?

போன சனிக்கிழமை நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ரூஸேயிலிருந்து வந்த ஒரு குடும்பம். மாப்பிள்ளை மாமியாரைத் தூக்க வேண்டும். அவன் கால் நடுங்கியது. ஸ்தாமென், "முழங்காலை மடக்குப்பா, முதுகை மடக்காத" என்று சுற்றிச் சுற்றி வந்தார். தோளில் கிடந்த அம்மாள் நாகரிகமாக, "ஐயோ" என்றார்.

பென்கா தலையில் அடித்துக்கொண்டார். "கத்தாதம்மா, அலறு! கத்தறது புருஷன்கிட்ட. இங்க அலறணும்!"

அந்த அம்மாள் மூச்சை இழுத்து ஓர் அலறல் அலறினார். மாப்பிள்ளை பயந்துபோய்க் கையை விட்டுவிட்டான். அவர் பூக்களுக்கு நடுவே மெத்தென்று விழுந்து, எழாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எவெலின் கேமராவோடு மண்டியிட்டாள்.

"அற்புதம்! யாரும் அவங்களைத் தூக்காதீங்க!"