ஓசியில் பார்த்த ஊர்

ஓரகத்தி அதைச் சண்டை போட்டுச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே, முகம் மலரத்தான் சொன்னாள்.

"உங்க தம்பிதான் பட்டணத்துல ரெண்டு ரூம் வீட்டுல இருக்காரே அக்கா. லிப்ட் எல்லாம் இருக்காமே. கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வாங்களேன். உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று பெரியவள் கேட்கவில்லை. புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் அவளுடைய இடம் சுவர் சுவராகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஓரகத்தி மகனுக்குக் கல்யாணம் என்று முன்னறையைக் கேட்டார்கள். அப்புறம் நடு அறை. கடைசியில் அவளுடைய தையல் மிஷினைத் தூக்கிக் குளியலறைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். மழைச் சாரலில் அது துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. கொழுந்தன் நல்ல மனிதர். அதனால் வாயே திறக்கவில்லை. பஸ் ஏற்றிவிட மட்டும் வந்தார். வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரியவள் என்பது அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர். அவளுக்குப் பின்னால் பிறந்தவன் ஒருவன்தான், அவன் பெயர் வாலு. நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, செருப்பை ஜோடியாக விட்டதில்லை. அப்பா அம்மா போன பிறகு அந்த இரண்டு பெயர்களையும் அறிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"ஊரைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைடா, ரெண்டு நாளைக்கு வரேன்" என்றுதான் போனில் சொன்னாள். மற்றதை நேரில் சொல்லிக்கொள்ளலாம். மறுமுனையில் எந்த பஸ், எத்தனை மணி என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "வா அக்கா, ஜமாய்ச்சிடலாம்" என்றான்.

காலையில் பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சட்டை சுத்தமாக இருந்தது, ஆனால் காலர் ஈரம் காயவில்லை. அவள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, ரெண்டு நாளைக்கு வந்தவ வீட்டையே பேத்துக்கிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

"முதல்ல வீட்டுக்குப் போய் ஒரு குளியல் போட்டுட்டு..."

"இப்ப முடியாதே. கூட இருக்கிற பசங்க நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குறாங்க. நீ இங்கயே முகம் கழுவிக்க. கடைசிக் குழாயை மட்டும் தொறக்காதே, மேல அடிக்கும்."

முகம் கழுவிக்கொண்டு வந்தவள், "பெரிய கோபுரம் ஒண்ணு இருக்காமேடா, உச்சியில போய் நின்னா மேகத்தைத் தொடலாமாம்" என்றாள். ஆசையாகத்தான் கேட்டாள். எதையாவது பார்த்துவிட்டால் சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தாள்.

"அது டூரிஸ்டுங்க போற இடம். டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, லிப்டுக்கு ஒரு வரிசை, போட்டோ எடுக்க ஒரு வரிசை. உன் தம்பி எதுக்கு இருக்கேன்? இங்கயே பொறந்து வளந்தவனுக்கும் தெரியாத இடமெல்லாம் காட்டுறேன். எல்லாம் ஓசி."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். பஸ் ஏறவில்லை. நடந்தால்தான் ஊர் பிடிபடும் என்றான். சந்து சந்தாகப் புகுந்தான்; எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பது அவனுக்கு அத்துப்படியாக இருந்தது. பழ மொத்தச் சந்தையின் பின்வாசலில், நசுங்கிய பழங்களைக் கூடையாகக் கொட்டும் இடத்தில் நின்று, நல்லதாக இரண்டைப் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தான். "கடையில இதையே பளபளன்னு அடுக்கி வச்சிருப்பான். ருசி ஒண்ணுதான்." பழம் இனிப்பாக இருந்தது. அவன் தன்னுடையதை மூன்றே கடியில் தின்று முடித்ததைப் பெரியவள் கவனித்தாள்.

அடுத்து, கார் நிறுத்துவதற்கென்றே கட்டிய ஓர் அடுக்குமாடிக்குக் கூட்டிப்போனான். வண்டிகள் ஏறும் சரிவிலேயே சுற்றிச் சுற்றி ஏறினார்கள். உச்சி மாடி காலியாகக் கிடந்தது. காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே ஊர் முழுவதும் விரிந்து கிடந்தது: தகரக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், காய்கிற துணிகள், தூரத்தில் ஊசி நட்டதுபோல் அந்தக் கோபுரம்.

"அங்க போயிருந்தா இது தெரியுமா சொல்லு? அதுல ஏறினா அதைப் பாக்கவே முடியாதுல்ல?"

அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. வாலு மாறவே இல்லை என்று நினைத்தாள். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தபோது காவலாளி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"டேய், இப்பப் பகல்லயும் வர ஆரம்பிச்சிட்டியா?" என்றவர், கூட ஒரு பெண் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி சரி, சீக்கிரம் இறங்குங்க. மேலதிகாரி வருவாரு."

"தெரிஞ்சவரு. தமாஷா பேசுவாரு" என்றான் வாலு. ஆனால் இறங்கும்போது அவன் முன்னால் போய்விட்டான்.

வெயில் ஏறியதும், குளிர்சாதன வசதி உள்ள ஒரு பெரிய மரச்சாமான் கடைக்குள் நுழைந்தார்கள். சோபா, கட்டில், சாப்பாட்டு மேஜை என்று வீடு மாதிரியே அறை அறையாக அமைத்திருந்தார்கள். ஓர் அறையில் விளக்கெரிந்தது, ஜன்னலில் திரை, திரைக்குப் பின்னால் வெறும் சுவர். சோபாவில் அவளை உட்கார வைத்து, "எப்படி? நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போடலாமா?" என்றான். அவளுடைய கால்கள் வலித்தன. கண்ணை மூடிச் சாய்ந்தாள். இதுபோல் ஒரு மூலை இருந்தால் மிஷினை அந்த ஜன்னலோரம் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே விற்பனையாளர் வந்துவிட்டார்.

"போன வாரமே சொன்னேன்ல? கட்டில்ல படுத்துத் தூங்கினா வெளிய தள்ளிடுவேன்னு. இப்பக் குடும்பத்தோடயே வந்துட்டியா?"

இந்தத் தடவை வாலு தமாஷ் என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். வெளியே வந்து இருவரும் வெகு தூரம் நடந்தார்கள். அவளுக்குள் ஏதோ புரிவதுபோல் இருந்தது. புரிய வேண்டாம் என்றும் இருந்தது. பசி மயக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு என்று நடத்துவது. "ஊர்லயே இதுதான் சல்லிசு. யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க" என்றான். நீள பெஞ்சுகள். சுற்றிலும் தூங்காத கண்களோடு, மருந்துப் பைகளோடு ஆட்கள். ஒரே ஒரு தட்டுச் சோறு வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். காலையிலேயே வயிறு முட்டத் தின்றுவிட்டானாம்.

"பொய் சொல்லாதே. சாப்பிடு" என்று அவள் தட்டைப் பாதி தள்ளியபோது, வாளியும் துடைப்பமுமாக ஒரு துப்புரவுக்காரி வந்து நின்றாள். நடு வயது, காதில் செருகிய பேனா.

"என்ன தம்பி, அக்கா எப்படி இருக்காங்க? கண்ணு முழிச்சாங்களா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்.

வாலுவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஆபரேஷன் தேதி சொல்லிட்டாங்களா? ரெண்டாவது மாடி வராண்டாவுல நேத்து உன்னைக் காணோமேன்னு பாத்தேன்." பிறகு அவள் பெரியவளைப் பார்த்தாள். "இவங்க?"

"பெரியம்மா பொண்ணு" என்றான் வாலு. "அக்காவைப் பாக்க வந்திருக்காங்க."

துப்புரவுக்காரி பெரியவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து பெஞ்சுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"இன்னும் முழிக்கல" என்றாள் பெரியவள். "டாக்டர் பொறுத்துப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு."

"கடவுள் விட்டுட மாட்டாரு" என்று சொல்லிவிட்டுத் துப்புரவுக்காரி வாளியை நகர்த்திக்கொண்டு போனாள்.

மீதிச் சோற்றை இருவரும் குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். சோற்றை அப்படியே விட்டு எழுந்துபோகிற நிலையில் இரண்டு பேருமே இல்லை.

ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவள் கேட்டாள். "எவ்வளவு நாளாடா இப்படி?"

"கம்பெனியை மூடினதுலேர்ந்து. ரூமும் கம்பெனி ரூம்தான். பூட்டிட்டாங்க."

"லிப்டு, ரெண்டு ரூம் எல்லாம்?"

"அது எப்பவுமே இல்ல அக்கா. எட்டுப் பேரு ஒரு ரூம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"மாமா போன துக்கத்துல நீயே ஒடிஞ்சு கெடந்த. தம்பியாவது நல்லா இருக்கான்னு ஒரு தெம்பு இருக்கட்டுமேன்னுதான்." கையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டான். "சரி, விடு. சாயங்கால பஸ்ஸுல நீ கிளம்பு. ஒரு வேலை கெடைக்கட்டும், நானே உன்னைக் கூப்பிடுறேன்."

"எங்கடா கிளம்பச் சொல்ற?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முன்னறை, நடு அறை, மிஷின், சாவி. ஓரகத்தி துணி மடித்துக்கொண்டே சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"அப்ப நான் அடிச்சுவிட்டதை நம்பித்தான் உன்னை அனுப்பிட்டாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் பொய் சொல்லாவிட்டாலும் அவர்கள் வேறு ஏதாவது சாக்கு கண்டுபிடித்திருப்பார்கள். அது அவளுக்கே தெரியும். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காத பஸ் பயணம், கால் வலி, வாயே திறக்காத கொழுந்தன், எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தில் அவன் தலையில் விடிந்தது.

"ஆமாண்டா. அதனாலதான்" என்றாள்.

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை. எழுந்து, "டீ குடிக்கலாமா? இரு, வாங்கிட்டு வரேன்" என்றான்.

"நானும் வரேன்."

"பையைப் பாத்துக்க அக்கா. இங்க அசந்தா அடிச்சுட்டுப் போயிடுவானுங்க."

வாசலில் நின்ற காவலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே போனான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மரத்து நிழல் பெஞ்சை விட்டு நகர்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, இடம் மாறினால் அவன் தேடுவானே என்று வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் நேரம் தொடங்கிக் கூட்டம் உள்ளே போனது. முடிந்து வெளியே வந்தது.

பொழுது சாயும்போது, வேலை முடிந்து சேலை மாற்றிக்கொண்டு வந்த துப்புரவுக்காரி அவளைப் பார்த்து நின்றாள்.

"தம்பி எங்கம்மா?"

"டீ வாங்கப் போயிருக்கான்."

அவள் பெரியவளின் முகத்தையும் பையையும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வார்டுல அப்படி ஒரு அக்காவே இல்லன்னு எனக்கு மொத வாரமே தெரியும்" என்றாள் மெதுவாக. "படுக்க இடம் வேணும்னு கேட்டா இங்க விடமாட்டாங்க. நோயாளி இருந்தாத்தான் விடுவாங்க. அதான் நானும் பாக்கிறப்பல்லாம் சத்தமா விசாரிப்பேன், நாலு பேரு காதுல விழட்டுமேன்னு. நீங்க யாருன்னும் பாத்ததும் தெரிஞ்சுது. அக்கா தம்பின்னு முகத்துலதான் எழுதி ஒட்டியிருக்கே."

பெரியவள் அப்போதுதான் அழுதாள்.

"வந்துடுவான்" என்றாள் துப்புரவுக்காரி. ஆனால் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் வாங்க."

அவன் வரவில்லை. துப்புரவுக்காரி வாடகைக்கு இருந்த பெண்கள் விடுதியில் ஒரு பாய் விரிக்கும் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த போர்வைகளைத் தைத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையில் சேர்ந்தாள். ஆவி நிறைந்த நிலவறை, ஜன்னல் கிடையாது. லீவு நாட்களில் அவனைத் தேடிப் போனாள். பழச் சந்தையில் யாருக்கும் தெரியவில்லை. கார் மாடிக் காவலாளி, "அன்னிக்கு உங்களோட பாத்ததுதாம்மா" என்றார். இரண்டாவது மாடி வராண்டாவில் அவன் படுத்த மூலையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

ஊரிலிருந்து ஓரகத்தி ஒரு தரம் போன் செய்தாள். "செட்டில் ஆயிட்டீங்களா அக்கா? தம்பி நல்லா வச்சிருக்காரா?" என்று கேட்டாள். "நல்லா வச்சிருக்கான்" என்றாள் பெரியவள்.

குளிர் தொடங்கிய சமயம், ஒரு காலை பஸ்ஸில் போகும்போது அவனைப் பார்த்தாள். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியில், மண்வெட்டியோடு நின்றவர்களுக்கு நடுவே, கையில் ஒன்றுமில்லாமல் நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியை ஓங்கித் தட்டினாள். "வாலு! டேய் வாலு!" பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். அவனும் நிமிர்ந்தான். நேராக அவள் கண்ணைப் பார்த்தான். சந்தேகமே இல்லை.

அடுத்த நிறுத்தத்தில்தான் கதவைத் திறந்தார்கள். செருப்பு அறுந்துபோக ஓடி வந்தாள். அந்த இடத்தில் அவன் இல்லை. மற்றவர்களிடம் அவனுடைய பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னாள், யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழவர் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"இப்ப இங்கதாம்மா நின்னான். நீ பஸ்ஸுலேர்ந்து கூப்பிட்டதைப் பாத்துட்டுத்தான், யாருப்பா அந்தம்மா, உன்னையா கூப்பிடுதுன்னு கேட்டேன். தெரியாதுன்னான். வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"எந்தப் பக்கம் போனான்?"

கிழவர் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் இரண்டு சந்துகள் பிரிந்தன. அவள் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வேலைக்கு நேரமாகிவிட்டதால், வந்த வழியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.