கட்டைவிரல் முடிச்சு

"இதோ, பாலம் வந்தாச்சுப்பா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

சேன் யீ மாடுகளை அதட்டியபடி வண்டிக்குள் திரும்பித் திரும்பிப் பேசினாள். போர்வைக்குள் கிடந்த அப்பா ஊ போ தௌங், பாலத்துக்கு முன்பே, ஆலமரத்தடியில் மூச்சை விட்டிருந்தார். அது அவளுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே செத்த உடம்பு கேடு கொண்டுவரும் என்று ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதும் தெரியும். உயிரோடு வருவதாகச் சொல்லி ஊர்வாசலைத் தாண்டிவிட்டால் போதும், வீட்டில் கிடத்தி ஏழு நாள் அழலாம். "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்று ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். தனக்கென்று அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் ஊருக்காகக் கேட்டவை. செட்டியார் கையிலிருக்கும் வயலை உழுதவனுக்கே கொடு என்று கத்தி, வெள்ளைக்காரன் காலத்தில் ஒருமுறை சிறைக்குப் போனார். சுதந்திரம் வந்ததும் பார்லிமெண்டுக்குப் போய் அங்கேயும் அதையே கத்த, சொந்த அரசாங்கம் இரண்டுமுறை உள்ளே வைத்தது. ஊரில் முப்பத்தாறு குடும்பங்களுக்கு நிலம் வந்தது. அவர் ஒரு வரப்புகூட எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் பேச்சு எடுபடாதாம். பிழைக்கத் தெரியாத மனுஷன்.

ஊர்வாசலில் லூ மாங் வெற்றிலை மென்றுகொண்டு காவல் நின்றான். முப்பத்தாறில் முதல் பட்டா அவனுடையது.

"தலைவரு எப்படி இருக்காரு, சேன் யீ?"

"தூங்குறாரு அண்ணே. வழிய விடு, வெயிலு தாங்கல."

"மைக்கக் குடுத்தா பொழுது சாயுற வரைக்கும் பேசுவாரு, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம தூங்குறாரா? அதெப்படி?"

சிரித்துக்கொண்டே போர்வையை விலக்கினான். அப்போதுதான் அவளும் பார்த்தாள். அப்பாவின் இரண்டு கால் கட்டைவிரல்களும் துணிக்கீற்றால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஆலமரத்தடியில் கண்ணை மூடிவிட்ட கையோடு அவளே கட்டியது. அம்மாவுக்குக் கட்டியிருக்கிறாள், தன் கைக்குழந்தைக்கும் கட்டியிருக்கிறாள். செத்தவர்களுக்கு மட்டும் போடும் முடிச்சை, கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது.

லூ மாங் வெற்றிலையைத் துப்பினான்.

"பாவி, இதை அவுத்துட்டாவது வந்திருக்கக் கூடாதா? தெரியாத மாதிரி விட்டிருப்பேனே."

"இப்பவும் தெரியாத மாதிரி இரேன், அண்ணே."

"பாத்துட்டேனே. நாளைக்கு ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஊரு என்னைத்தான் கேக்கும்."

"அப்போ உன் வயல்ல கிடத்து. அவரு வாங்கிக் குடுத்ததுதானே?"

வாசலுக்கு வெளியே அவன் வயல் தண்ணீர் நிறையக் கிடந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்துத்தான் நட்டேன்" என்றான்.

அவனை அங்கேயே அடித்துக் கொல்ல வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. இனி, வெளியே செத்தவர்களைக் கிடத்தும் இடுகாட்டுச் சாவடிதான்.

மாடுகள் வீட்டைக் கண்டுகொண்டு வாசலைப் பார்த்தே இழுத்தன. லூ மாங்தான் நுகத்தைப் பிடித்துத் திருப்பினான். அழுதுகொண்டே திருப்பினான்.

"அப்பா செருப்பாவது உள்ள போகலாமா?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "செருப்புக்கு என்ன? போகலாம்."

குதிகால் தேய்ந்த அந்தச் செருப்புகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வண்டி நகர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ, "தலைவரு வந்துட்டாரா?" என்று கேட்டார்கள். சேன் யீ திரும்பிப் பார்த்தாள். லூ மாங் செருப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி, தலைவர் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.