சுரைக்குடுவைக்குள் அயிக்வேய்

"அப்ப உசுரோட இருக்கிறவங்க பேரச் சொன்னா எரியாதா தம்பி?"

"அதுக்கு உசுரும் தெரியாது, சாவும் தெரியாதுக்கா. உள்ள குரல் பதிஞ்சிருந்தாப் போதும், எரியும். நேத்து ஒருத்தர் அதுக்குள்ள தும்மினாரு, அதுக்கும் பளிச்சுன்னு எரிஞ்சுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன் புகைபோடும் அடுப்பிலிருந்து அப்படியே எழுந்து வந்து, அந்தக் கேள்வியைக் கேட்ட கோர்கோயும் சிரிப்பதுபோல உதட்டை இழுத்துவைத்தாள்.

ஜேம்ஸ்டவுன் கடற்கரையில், உடைந்த தோணியின் கட்டைகளில், லாரியே என்ற அந்த இளைஞன் விளக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் பொருத்திய சுரைக்குடுவைகளைத் தொங்கவிட்டிருந்தான். ஊரார் வந்து, வீட்டில் இறந்தவரின் பெயரைக் குடுவைக்குள் சொல்லிவிட்டுப் போனார்கள். கீழே மண்ணில் நீர் வார்த்தால், ஈரம் பட்டதும் மேலே குடுவை ஒளிரும்; சொன்னவர் குரலிலேயே பெயர் ஒலிக்கும். கூட்டம் "ஹியாவ்" என்று அதை ஏற்றுக்கொள்ளும். நீர் வார்த்து அழைப்பது மாண்டவர்களை மட்டும்தான். உயிரோடு இருப்பவன் பெயரை அப்போது யாரும் எடுப்பதில்லை.

கோர்கோயின் கணவன் அயிக்வேய் கடலுக்குப் போய் மழைக்காலமே கழிந்துவிட்டது. தோணியும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அவள் அழவில்லை. இரவில் அவன் பங்கு மக்காச்சோளக் கெங்கே உருண்டையை மூடிவைப்பாள். காலையில் அதையே தின்பாள். புளித்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது.

யாரோ நீர் வார்த்தார்கள். ஓரத்துக் குடுவை ஒளிர்ந்தது.

"அயிக்வேய். எங்கண்ணன் அயிக்வேய்."

"ஹியாவ்!" என்றது கூட்டம்.

நாத்தனார் ஷோர்மேயின் குரல். அவள் கோர்கோய்க்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"நீயா சொன்ன?"

"எத்தன நாளைக்கு அண்ணி சோத்த மூடி மூடி வைப்ப? அண்ணனுக்கு ஒரு வாய்த் தண்ணி வேணாமா? தாகத்தோட அலையிறானே."

"தாகம்னு உங்கிட்ட வந்து சொன்னானா?"

"நான் அழுதாச்சு. நீதான் கல்லாட்டம் நிக்கிற."

கோபம் வரும் என்று கோர்கோய் காத்திருந்தாள். வரவில்லை. மண் நீரைக் குடித்து முடித்திருந்தது. அடுத்த பெண் குவளையோடு குனிந்தாள்.

கோர்கோய் கையை நீட்டி அந்தக் குடுவையைப் பிடித்தாள். உள்ளே விளக்கு எரிந்த சூடு கொஞ்சம் இருந்தது.

"லாரியே தம்பி, இந்தப் பேர இதுல இருந்து எடுத்துடு."

அவன் ஒயர்களைப் பார்த்தான், பிறகு ஷோர்மேயைப் பார்த்தான்.

"எல்லாரும் ஹியாவ்னாங்களே," என்றாள் கோர்கோய். "அதையும் சேத்து எடுத்துடு தம்பி."