நத்தமேட்டு ஆட்டுக்கல்

பெண்ணையாற்றங்கரை நத்தமேட்டில் ஐந்நூறு வருஷமாக ஆளே குடியிருக்கவில்லை என்று புதுப் பலகை சொன்னது. ஊரே கூடிச் சொன்ன பொய்யைப் பாவம், பலகை மட்டும் எப்படி மறுக்கும்?

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அதே மேட்டின் ஓரத்தில் குடிசைகள் இருந்தன. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில், ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரத்தைத் தாண்டிக் குடிசைக்காரர்கள் கூலிவேலைக்குப் போனார்கள் என்று கோபப்பட்டு, ஊர்ப் பிள்ளைகள் சிலர் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். ஊர் கேட்டதென்னவோ நியாயம்தான். அந்த நியாயத்துக்கும் குடிசைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. குடிசைக்காரர்கள் ஆற்றைக் கடந்து போனார்கள். பிறகு மேட்டைத் தோண்டியபோது பழைய வணிகர் குடியிருப்பு ஒன்று கிடைத்தது. செங்கல் சுவர், உறைகிணறு, செப்புக்காசு. சுற்றிலும் வேலி போட்டார்கள். ஊருக்கு ஏக சந்தோஷம். வேலி வந்துவிட்டால் போனவர்கள் திரும்பி வர முடியாதல்லவா?

திறப்பு விழாவுக்கு ஊர்த்தலைவர் தெய்வசிகாமணியோடு அவர் மனைவி சின்னப்பொண்ணுவும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். காட்சிக்கு வைத்த பொருள்களைப் பார்த்துக்கொண்டே போனவள், கடைசியில் இருந்த ஆட்டுக்கல்லைக் கண்டதும் குனிந்து உற்றுப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு ரிஷிவந்தியத்திலிருந்து சீராக வந்த கல். விளிம்பில் இருந்த மூளி, வண்டியிலிருந்து இறக்கும்போது ஆனது. அதற்காக மாமியாரிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமா? வீட்டுக்குக் கிரைண்டர் வந்தால் பழைய ஆட்டுக்கல் கழனி வேலைக்கு வருகிறவளுக்குப் போவது வழக்கம். அவளும் அதை மேட்டுக் குடிசைக் குஞ்சம்மாளுக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அதன்மேல் 'பழங்கால ஆட்டுக்கல்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"சார், அது எங்க வூட்டுக் கல்லுங்க!"

குரல் கொடுத்தது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த குஞ்சம்மாள். தோண்டும் வேலையைப் பார்த்த அதிகாரி அவளிடம் போனார்.

"ஊர்ல கேட்டப்போ இங்க யாருமே இல்லன்னாங்களேம்மா."

"நாங்க இங்கதாங்க இருந்தோம். எம் புள்ளைங்க இங்கதான் பொறந்துச்சிங்க."

"அப்படின்னா அந்த ஓரத்து வேலியைத் தள்ளிப் போடச் சொல்லி எழுதறேன். மனைப்பட்டாவுக்கும் வழி பொறக்கும். சாட்சி சொல்ல யாராவது இருக்காங்களா?"

குஞ்சம்மாளின் முகம் மலர்ந்தது. "இதோ, அம்மாவே நிக்கிறாங்களே! கல்லக் குடுத்ததே அவங்கதான். கேளுங்க சார்."

எல்லோரும் சின்னப்பொண்ணுவைப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி தொண்டையைக் கனைத்தார். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் போனார்கள் என்பது. அதற்கடுத்தது, யார் கொளுத்தினார்கள் என்பது. அந்தக் கும்பலில் அவள் மகன் வெங்கடேசனும் இருந்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. எங்க வூட்டுக் கல்லு இல்ல."

குஞ்சம்மாள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சின்னப்பொண்ணு காத்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால் தேவலை. பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

குஞ்சம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "நான்தான் வேற கல்லுன்னு தெரியாம சொல்லிட்டேன் சார். அம்மாவ இன்னாத்துக்கு சங்கடப்படுத்திக்கினு, வுடுங்க" என்றாள்.

அவள் ஆற்றில் இறங்கி நடந்தாள். கூப்பிட வேண்டும் என்று சின்னப்பொண்ணுவுக்குத் தோன்றியது. ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது?

தெய்வசிகாமணி அவள் பக்கம் சாய்ந்து, "பரவால்லடி, நல்லா சமாளிச்ச" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊர் பார்க்க அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.