பதினொரு இணைப்பும் மூன்று பிடி மண்ணும்

2023 ஜூன் 14, புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு, பாகூர் பள்ளிவாசல் தெரு, கயிற்றுக்கடை கமருதீன் வீட்டில் ஒரு பிடி களிமண் தரையில் விழாமல் காற்றில் நின்று ஏழு நிமிடம் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு முன் இரண்டு பிடி போய்ச் சேர்ந்திருந்தன. கமருதீனின் மகன் ரபீக் சவூதியில் தமாமில் கிரேன் ஓட்டியவன்; திங்களன்று வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. மய்யத்தை அங்கேயே அடக்குவதென்று முடிவாயிற்று. போனில் காட்டுகிறேன் என்றான் அறைத்தோழன் முபாரக். கமருதீனுக்கு அது போதவில்லை. அடக்கத்துக்குப் போகிறவர்கள் கபர்க் குழியில் மூன்று பிடி மண் போடுவார்கள்: முதல் பிடி படைக்கப்பட்டதற்கு, இரண்டாவது மண்ணுக்குத் திரும்பியதற்கு, மூன்றாவது மீண்டும் எழுப்பப்படுவதற்கு. "பாத்தா மட்டும் பத்தாதும்மா, எங்கையால போடணும்" என்றார் மகளிடம்.

"அப்ப ஒரு லைன் பத்தாதுத்தா" என்றாள் அஃப்சானா. வில்லியனூரில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்ப்பவள்.

தெருவில் பதினொரு வீடுகளில் இணையம் இருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் வயர் இழுத்து, மாடி மாடியாகத் தாண்டவிட்டு, ஒரே பெட்டியில் சேர்த்தாள். தெருக்கோடியில் குடியிருந்து மீன் விற்கும் காசம்மாள் தானே கூப்பிட்டுக் கொடுத்தாள்: "என்னுதையும் இஸ்துக்கோடி. ஒரு நாளு நாடகம் பாக்கலன்னா இன்னா, செத்தா பூடுவேன்?" சொன்ன பிறகுதான் உறைத்தது, வாயில் அடித்துக்கொண்டாள்.

மூன்று இணைப்பு சேர்ந்தபோது கூடத்து டிவித் திரையில் முபாரக் காட்டும் படம் உறையாமல் வந்தது. ஆறில் தமாமின் வெயில் திரையிலிருந்து இறங்கி, கூடத்துக் கொடியில் கிடந்த ஈரத்துணிகளை உலர்த்தியது. ஒன்பதில் தரையெல்லாம் மஞ்சள் மணல் படிந்தது. பெண்கள் பெருக்கி மூலையில் குவித்தார்கள். பதினொன்றாவது சேர்ந்ததும் கமருதீன் வாளியிலிருந்த ஏரிக் களிமண்ணை அள்ளித் திரைக்குள் போட்டார். அது கபரில் விழும் ஓசை கேட்டது. "வந்துடுச்சு மாமா" என்றான் முபாரக். இரண்டாவதும் போனது.

மூன்றாவது பிடி கையை விட்ட நேரம் பாகூரில் வானம் இடித்தது. இடி இடித்தால் மோடம் பிளக்கைப் பிடுங்குவது அந்தத் தெருவின் பழக்கம். பத்து வீட்டார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காசம்மாள் பிடுங்கிவிட்டாள்.

மண் திரைக்கு ஒரு சாண் முன்னால் நின்று, படம் வராதபோது சுற்றும் வட்டத்தைப் போலச் சுற்றத் தொடங்கியது. தமாமில் அடுத்த மய்யத்து காத்திருந்தது.

"மூடச் சொல்றாங்க மாமா."

"இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொல்லுப்பா." கமருதீன் நீட்டிய கையை இறக்கவில்லை.

எந்த வயர் செத்தது என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே ஓடிய அஃப்சானா தெருக்கோடியை அடைந்தாள். "ஐயோ பாழாப்போன கையி! பழக்கத்துல புடுங்கிட்டன்டி!" காசம்மாள் பிளக்கைச் செருகினாள். மறுபடி இடித்தபோதும் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்து நின்றாள். "வுழுந்தா எம்மேல வுழட்டும். நீ போடி."

மண் சுற்றுவதை நிறுத்திக்கொண்டு உள்ளே போனது.

"ஈரமா இருக்கு மாமா" என்றான் முபாரக். அங்கே மூடத் தொடங்கினார்கள்.

அன்று முழுவதும் பள்ளிவாசல் தெருவில் இணையம் மெதுவாகத்தான் வந்தது. யாரும் புகார் செய்யவில்லை.