பலவீனமான விடை

டர்பைன் உடையும் என்று முதலிலிருந்தே தெரியும் என்கிறார்கள் இப்போது, ஆளாளுக்கு. கேன்டீனில் டீ ஆற்றுகிறவர்கூடச் சொல்கிறார். ஒருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும்.

எங்கள் காகித ஆலைக்கு மின்சாரம் கொடுப்பது நீராவியில் சுற்றும் அந்த டர்பைன்தான். நீளமான ஒரு இரும்புத் தண்டு, அதைத் தாங்க இரண்டு முனையிலும் இரண்டு பேரிங். தண்டில் எடை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சுற்றும்போது ஆடும். அந்த ஆட்டத்தை அடக்க, தண்டில் உள்ள இரண்டு தட்டுகளில் சரியான கோணத்தில் சரியான எடையை முடுக்கி வைக்க வேண்டும். எவ்வளவு எடை, எந்தக் கோணம் என்று சொல்வது என் வேலை. கொதிகலன் கூடத்துக்கு மேலே, ஜன்னல் திறந்தால் கரி வந்து விழும் ஒரு அறையில் எனக்கு ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் உண்டு.

ஆட்டம் என்றால் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எந்தத் திசையில் என்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சுமக்கிற எண்ணைக் கலப்பெண் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்திருப்பீர்கள். எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் கருவி ஒருபோதும் ஒரே எண்ணைக் காட்டாது, முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் 'இதற்குக் குறையாது, இதற்கு மேல் போகாது' என்று இரு பக்கமும் சுவர் வைத்து, ஒரு மங்கலான எண்ணாகவே அதை எடுத்துக்கொள்வோம். ஃபஸ்ஸி என்பார்கள். அந்த மங்கலோடேயே சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். முதலில் ஒரு குத்துமதிப்பு, அதைத் திருத்தி இன்னொன்று, அதையும் திருத்தி மற்றொன்று. இனித் திருத்த ஒன்றுமில்லை என்று எண்கள் அடங்கும்வரை கம்ப்யூட்டர் சுற்றிச் சுற்றி வரும்.

இந்தக் கணக்குக்கான புரோகிராமை எழுதியவர் எங்கள் பிரிவின் தலைவர். எந்தப் பேச்சையும் "முடிஞ்சுது" என்று முடிப்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அந்த வசந்தத்தில் டர்பைன் வழக்கத்துக்கு மேல் ஆடியது. எண்கள் அடங்கவும் வழக்கத்துக்கு மேல் நேரம் பிடித்தது. ஏன் இப்படி இழுக்கிறது என்ற எரிச்சலில், ஒவ்வொரு சுற்றின் எண்ணையும் திரையில் காட்டச் சொன்னேன். கடைசிச் சுற்றில் இரண்டாவது தட்டுக்கான எடையில் கீழ்ச்சுவர் மேல்சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. ஆனால் அறிக்கையில் இரண்டும் நல்ல பிள்ளைகளாக அவரவர் இடத்தில் நின்றன. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். முற்றுப்புள்ளி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்: சுவர்கள் தாண்டினால், சத்தம் போடாமல் இரண்டையும் இடம் மாற்றி வை.

கீழ் எல்லை மேல் எல்லையைவிடப் பெரிது என்றால் என்ன பொருள்? ஒரு வீட்டில் ஓர் அறை, அதன் அகலம் ஒன்றுமில்லாததைவிடக் குறைவு என்று தரகர் சொன்னால் நீங்கள் குடி போவீர்களா? அளவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் பேரிங்கில் முள் வழக்கம்போல லேசாகத்தான் நடுங்கியது. இரண்டாவது பேரிங்கில் முள் ஊர் சுற்றியது. ஒரே தண்டு, எடைச் சாய்வால் வரும் நடுக்கம் என்றால் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், அந்த நடுக்கம் சாய்விலிருந்து வரவில்லை. இரண்டாவது பேரிங் பக்கம் தண்டிலேயே ஏதோ திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. விரிசல் என்று என் மனசு சொன்னது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 'நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை' என்று மட்டும்தான் அது சொன்னது.

திரையை முற்றுப்புள்ளியிடம் காட்டினேன்.

"இதெல்லாம் புத்தகத்துலயே இருக்கும்மா. பலவீனமான விடைன்னு பேரு. மாத்திப் போட்டுக்கலாம்னு போட்டிருக்கான். பேர் வெச்சிருக்கான்னா அதுவும் ஒரு விடைதானே?"

"பேய்க்கும்தான் சார் பேர் வெச்சிருக்காங்க."

அவருக்கு முகம் சிவந்தது. "இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"நிறுத்தித் தண்டை வெளிய எடுத்து, சாயம் பூசிப் பார்க்கணும். விரிசல் இருந்தா தெரிஞ்சிடும்."

"அதுக்கு ஆலையையே மூடணும். உன் மேசையில ரெண்டு நம்பர் இடம் மாறிடுச்சுன்னு நான் போய் மேல சொல்லவா? இவ்வளவு சந்தேகம் இருந்தா நீ ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்க முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த எடையை முடுக்கச் சொல்லு. முடிஞ்சுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. காரணம் நல்ல குணமல்ல. எனக்கு அப்போது அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாவது பேரிங்கில் நிற்பது என் அண்ணன்.

அங்கே ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். பேரிங்கின் எண்ணெய்ச் சூட்டைப் பார்க்க வேண்டும், கைக்கருவியை அதன் முதுகில் வைத்து ஆட்டத்தைக் குறிக்க வேண்டும். அண்ணன் பல வருஷமாக அங்கேதான் ஃபிட்டர். தண்டு முறிந்தால் முதலில் பறப்பது அந்தப் பக்கத்து மூடி.

நானும் அண்ணனும் அண்ணியும் ஒரே வீடு. அண்ணன் சட்டை மாற்றுவதற்குள் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"உடையுமா உடையாதா? அதைச் சொல்லு."

"தெரியாதுண்ணா."

"எப்ப உடையும்?"

"அதுவும் தெரியாது. கணக்குக்கு விடையே இல்லன்னுதான் வருது. அவங்க இருக்கற மாதிரி காட்டறாங்க."

அண்ணி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "தெரியாது, தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்சே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்போது அவள் என்னிடம் சிரிப்பாள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் அவன் தட்டியதில்லை. மறுநாள் போய், தண்டைத் திறந்து பார்க்கும்வரை அந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். என் பெயரை இழுக்கவில்லை. வேலை செய்ய மறுத்தான் என்று எழுதி, அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். நான் முற்றுப்புள்ளி முன்னால் நின்று கத்தினேன். பிறகு மேலதிகாரி முன்னால் கத்தினேன். அவர் மிகவும் மரியாதையாக, முற்றுப்புள்ளியின் அறிக்கையை எடுத்து என்னிடமே காட்டினார். அதில் சுவர்கள் ஒழுங்காக இருந்தன.

அண்ணன் இடத்துக்கு விசில் வந்தான். பக்கத்துப் பம்பில் நின்றவன், அண்ணனின் கூட்டாளி. மெஷின் சத்தத்தில் குரல் எடுபடாது என்று எல்லாவற்றுக்கும் விசிலடிப்பான். என்னைக் கணக்கு என்றுதான் கூப்பிடுவான். அண்ணனைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது நேராகவே சொன்னேன்: "நீங்களும் அங்க நிக்காதீங்க."

"நான் இல்லன்னா இன்னொருத்தன் நிப்பான், கணக்கு. அவன் வீட்ல உன்னை மாதிரி யாராவது இருக்காங்களா, தெரியலையே." தட்டில் இருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்துக்கொண்டான். "அப்புறம் வீட்ல மாசமா இருக்கா. இப்ப போய் வேலை வேணாம்னு சொன்னா அவளே என்னை வெட்டிடுவா."

எடையை முடுக்கினார்கள். டர்பைன் அடங்கியது. பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. முற்றுப்புள்ளி என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம், ஒன்றும் பேசாமல், காதைத் தீட்டிக் கீழ்த்தளத்தைக் கேட்பதுபோல் நிற்பார். பிறகு புன்னகையோடு போய்விடுவார். அதற்குப் பேசியே தொலைத்திருக்கலாம்.

வாரங்கள் போயின. அண்ணன் தெருவாசிகளின் தண்ணீர் மோட்டார்களைக் கூடத்தில் பரப்பி வைத்துப் பிரித்துப் பூட்டினான். வேறு ஆலைகளில் கேட்டான். மறுத்தவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடப் போனாள். சாயங்காலம் சூடுபட்ட விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இன்னும் ஓடுதா?" என்று தினமும் கேட்பாள்.

"ஓடுது அண்ணி."

ஒருநாள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "உன் கணக்கு தப்பா இருந்தா எங்களுக்கு அடி. சரியா இருந்தா யாருக்கோ அடி. இப்படி ஒரு கணக்கு எதுக்குடி உனக்கு?"

அண்ணனும் கேட்கத் தொடங்கியிருந்தான், வாயால் அல்ல. ஆலையிலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது ஸ்க்ரூடிரைவரை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பான். முகத்தில் செய்தி இல்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொள்வான். அவன் என்னை நம்பினான். நம்பியதற்கு என்ன கிடைத்தது என்று அவனுக்கு நான் காட்ட வேண்டியிருந்தது.

அதனால் தினமும் விசில் குறித்து அனுப்பும் அளவுகளை வாங்கி, யாருக்கும் தெரியாமல் கணக்கைப் போட்டேன், இடம் மாற்றும் அந்த வரியை நீக்கிவிட்டு. சுவர்கள் ஒன்றையொன்று தாண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது. அது கூடக்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அந்தத் தண்டு உடைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். யாரும் இல்லாத வேளையில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சத்தத்தோடு மட்டும் உடைய வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மறந்துபோயிற்று. உடைந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அந்த அளவுகளை எழுதி அனுப்புகிறவன் அந்தத் தண்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான் என்பது தெரியாமல் இல்லை. அவன் கையெழுத்தைத்தான் நான் தினமும் பார்த்தேன், கொம்பும் சுழியுமாகக் கோணல் கையெழுத்து. ஆனாலும் எண்ணைத்தான் பார்த்தேன்.

அவனுக்குத் திரும்ப ஒரு தரம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். படிக்கட்டில் மறித்து, தூரம் கூடுகிறது என்றேன். "போன மாசமும் இதையே சொன்னே, கணக்கு" என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. கோபம் வந்துவிட்டது. என்னை நம்பாதவர்களின் வரிசையில் அவனையும் சேர்த்துவிட்டு மேலே போனேன்.

எனக்கு விடுமுறை நாள் அது. அண்ணன் கூடத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். முழங்கை வரை கிரீஸ். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் போன் அடித்தது.

"எடு. கையெல்லாம் அழுக்கு" என்றான்.

எடுத்தேன். கொதிகலன் கூடத்து ஆள் பேசினார். பின்னால் சங்கு ஊதிக்கொண்டிருந்தது, யாரோ ஓடுகிற சத்தம்.

"டர்பைன் போச்சும்மா! தண்டு ரெண்டா முறிஞ்சு, கூரையைப் பிச்சுக்கிட்டு... அண்ணன்கிட்ட குடு, அண்ணன்கிட்ட குடு..."

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"என்னம்மா?"

"முறிஞ்சது எந்தப் பக்கம்? முதல் பேரிங்கா, ரெண்டாவதா?"

"ரெண்டாவதும்மா. அண்ணன்கிட்ட..."

"ரெண்டாவதுதானே? நல்லாப் பார்த்தீங்களா?"

அந்த ஒரு நொடியில் என் உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு மூச்சை நான் விட்டதில்லை. நான் சரி. அவர்கள் எல்லோரும் தப்பு, நான் சரி. அண்ணன் பக்கம் திரும்பினேன், அவனிடம் சொல்லத்தான் திரும்பினேன்.

அண்ணன் எழுந்து வந்து கிரீஸ் கையாலேயே போனை வாங்கினான்.

"யாரு நின்னா?" என்றான்.

கேட்டுக்கொண்டே நின்றான். "அவன் வீட்டுக்குச் சொல்லிட்டாங்களா?" என்றான். "வேணாம். போன்ல சொல்லாதீங்க. நான் போறேன். அவ தனியா இருப்பா."

போனை மேசைமேல் வைத்தான். அண்ணி மடித்த சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எந்தப் பக்கம்னு ரெண்டு தடவ கேட்டே" என்றாள். "யாருன்னு ஒரு தடவகூடக் கேக்கலியே."

அண்ணன் குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவினான். கிரீஸ் லேசில் போகவில்லை. பாதியில் விட்டுவிட்டு அண்ணி கையிலிருந்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். நானும் செருப்பைத் தேடினேன். அவன் வாசலில் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் குரலில் கோபமே இல்லை.

"முதல்ல போய் முகத்தைக் கழுவு" என்றான். "இந்த முகத்தோட அவ முன்னாடி வந்து நிக்காதே."

போய்க் கழுவினேன். குழாய்க்கு மேலே இருந்த கண்ணாடியை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணனும் அண்ணியும் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.